இருபத்தொரு நாள்

ஐப்பசி பிறந்ததும்
டீசலும் கழிவு எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து
வண்டியின் அடிவயிற்றில் அடித்துவிடுவேன்.
முத்துப்பேட்டைக் காற்றில் உப்பு இருக்கிறது.
முதலில் ஸ்போக் கம்பியில் உட்காரும்,
பிறகு சைலன்சர் வளைவில்,
பிறகு யாரும் குனிந்து பார்க்காத
ஸ்டாண்டு ஸ்பிரிங்கில்.
மெக்கானிக் ஜபருல்லா சொல்வார்:
"துரு வெளியே தெரியுதுன்னா
உள்ளே சாப்பிட்டு முடிச்சுட்டுக்
கை கழுவ வருதுன்னு அர்த்தம்."

என் பின்சீட்டில் ஆள் ஏற இடமில்லை.
அங்கே நைட்ரஜன் குடுவை,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.
உள்ளே மெல்லிய குழாய்களில்
இந்தத் தாலுகாவின் அடுத்த வருஷத்துக் கன்றுகள்.
இதைச் சுமந்துகொண்டு
மார்கழிக் குளிர் என்று புலம்புவது வெட்கக்கேடு.
ஆனாலும் புலம்புவேன்.

வேலைக்கு வந்த புதிதில்
இடும்பாவனம் தையல்நாயகி வீட்டு வாசலில்
வண்டியை நிறுத்தினேன்.
மட்கார்டு நிறையக் களிமண், செயினில் வைக்கோல்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"வண்டியே இப்படி இருந்தா
உங்க ஊசி எப்படி இருக்கும்?"
மாட்டை ஓட்டிக்கொண்டு
கொட்டகைக்குள் போய்விட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியது இந்தத் துடைப்பு.
களிமண்ணை ஈரத்திலேயே எடுக்க வேண்டும்,
காய்ந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.
பனைமட்டைச் சில்லால் சுரண்டு.
குரோமுக்குப் பல்பொடி.
டேங்குக்கு ஷாம்பு, பழைய பருத்தித் துணி,
மேலே இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய்.
ஷாம்பு பாக்கெட் கணக்கு இடிக்கிறது என்று
கனகவல்லி கேட்பாள்.
என் தலையில் முடி கிடையாது,
அவள் சந்தேகம் நியாயம்.

சாயங்காலம் கத்தினால் விடிகாலை போ,
விடிகாலை கத்தினால் சாயங்காலம் போ.
அந்த நேரம் தவறினால்
மறுபடி இருபத்தொரு நாள்.

போன கார்த்திகையில்
தையல்நாயகியின் சிவலை கத்தியது.
கோரையாறு தரைப்பாலத்தின் மேலே ஓடிக்கொண்டிருந்தது.
குடுவையைத் தலையில் வைத்துக் கடந்தேன்,
திரும்பி வந்து
வண்டியைக் கன்றுக்குட்டிபோல் இழுத்துக் கடந்தேன்.
அக்கரையில் அது உதைக்கு உதை
தண்ணீராகத் துப்பியது.
மூன்று மைல் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது
உச்சிப்பொழுது.
சிவலை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது,
எதுவும் நடக்காதது மாதிரி.
"அடங்கிடுச்சு" என்றாள்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
மோர் கொடுத்தாள், குடித்தேன்.

அன்றிரவு பிளக்கைக் கழற்றி
அடுப்பில் காயவைத்தேன்.
கார்புரேட்டரிலிருந்து
ஒரு கரண்டி கோரையாறு வந்தது.
எண்ணெய் மாற்றி, செயினைக் கழுவி,
ஹெட்லைட்டில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டி
நாள்காட்டியில் வட்டம் போட்டேன்.

மார்கழி, நாலரை மணி.
சட்டைக்குள் நேற்றைய செய்தித்தாள்,
காதைச் சுற்றித் துண்டு.
சோக் இழுத்து எட்டு உதை,
ஒன்பதாவதில் இருமியது.
ஆற்றங்கரைச் சாலை இருந்த இடத்தில்
பனி.
இரண்டு பக்கமும் பால் பிடிக்கும் சம்பா,
வாசனையை வைத்துத்தான்
வயல் எங்கே முடிகிறது என்று தெரிந்தது.
ஒரு நாரை எழும்பி
வெளிச்சத்துக்குள் வந்து, வெளியே போனது.
விரல்கள் கிளட்சில் இருக்கின்றனவா என்று
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

இந்தத் தடவை சிவலை நின்றது,
கண்ணாடிபோல் ஒழுக்கு, தூக்கிய வால்.
குழாயை வெந்நீரில் இளக்கி
முப்பது எண்ணி
வேலையை முடித்தேன்.

கை கழுவித் திரும்பினால்
தண்ணீர் காட்ட அவிழ்த்த மாடு
என் வண்டி முன்னால் நின்று
டேங்கை நக்கிக்கொண்டிருக்கிறது.
நேற்று ராத்திரி பளபளக்கத் துடைத்த கறுப்பில்
வழியெல்லாம் படிந்த உப்பை
மணல்தாள் நாக்கால்
அடி அடியாக, ரசித்து.

துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
"இருங்க" என்றாள் தையல்நாயகி,
"ரெண்டு நாளா தவிட்டுல உப்புப் போட மறந்துட்டேன்.
முடிக்கட்டும்."

நின்றேன்.
சட்டைப்பையில் போன் அடித்தது.
உதயமார்த்தாண்டபுரத்தில் ஒன்று
ராத்திரியெல்லாம் கத்தியதாம்.
பாதி டேங்க் மங்கல், பாதி பளபளப்பு.
அப்படியே உதைத்தேன்.
முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.